தோமெஜியின் தொண்டை

“உங்கப்பா என்கிட்ட இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலை, ஷிங்கோ!”

“பேசினாரே! ‘வணக்கம் மாமா’ன்னு சொன்னதுக்கு, ‘யாருக்கு மாமா?’ன்னு கேட்டாரே.”

“அதெல்லாம் ஒரு பேச்சா?” காயோ அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கத்தான் ஒசாகாவிலிருந்து அவனோடு நாகசாகிக்கு வந்திருந்தாள். அதுவும் துறைமுகமே தலைகால் புரியாமல் ஆடுகிற குன்ச்சித் திருவிழாவில். ஆனால் வரம் கொடுக்க வேண்டிய சாமியான அவன் அப்பா தோமெஜி, கோயில் படிக்கட்டில் அவளுக்கு ஒரு படி கீழே கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

டம டமவென்று முரசு முழங்கியது. கீழே முற்றத்துக்குள் ஷிங்கோ வீட்டுத் தெருவின் கப்பல் தேர் புகுந்தது. பழைய ஒல்லாந்துக் கப்பல் வடிவம். மேலே தாளம் தட்டும் பொடிசுகள், சுற்றிலும் இழுக்கிற ஆட்கள். ஒரே இழுப்பு! அத்தனை பெரிய கப்பல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. கல்தரையில் சக்கரம் கிறீச்சிட்டது.

“அம்மாடியோவ்!” காயோ எழுந்து நின்று குதித்தாள். கப்பல் சுற்றி முடித்து வாசல் பக்கம் நகர்ந்தது. “போகுதே! இப்பத்தானே கத்தணும்? கத்தட்டுமா?”

“அவசரப்படாதேடி” என்று சிரித்தாள் ஷிங்கோவின் அம்மா ஹருயோ. “கண்ணுக்கு எதிர்ல நிக்கிறதை யாராச்சும் கூப்பிடுவாங்களா? முழுசா வெளியே போகட்டும்.”

கப்பலின் வால் வாசலைத் தாண்டியதுதான் தாமதம்.

“மோத்தே கோய்! மோத்தே கோய்!”

திரும்பக் கொண்டா, திரும்பக் கொண்டா என்று ஊரே தொண்டை கிழியக் கத்தியது. போன கப்பல் தடதடவென்று ஓடி வந்து மறுபடி சுற்றியது. காயோவும் கத்தினாள். தோமெஜி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“மாமா கத்த மாட்டாரா அத்தை?”

“அவரா? அந்தத் தொண்டை லேசுல திறக்காது. முப்பது வருஷம் இதே கப்பலை இழுத்தவராச்சே. உள்ளுக்குள்ளே பிடிச்சாத்தான் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டா இழுக்கிறவன் அழுதே போயிடுவான்.”

மூன்றாவது முறை கப்பல் வெளியே போனபோது இழுத்தவர்கள் வேர்வையில் குளித்திருந்தார்கள். ஒருத்தன் முழங்காலில் ரத்தம் வழிந்தது. மறுபடியும் கூப்பாடு எழுந்தது. காயோவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஐயோ பாவம், விடுங்களேன்! களைச்சுப் போயிட்டாங்க. வீட்டுக்குப் போகட்டுமே!”

சுற்றியிருந்த படிகளில் சட்டென்று சத்தம் அடங்கியது. ஷிங்கோ தலையில் அடித்துக்கொண்டான். கூப்பிட வேண்டாம் என்பது, உங்கள் ஆட்டம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற மாதிரி. அந்த ஊரில் பச்சைக்குழந்தைகூட அப்படிச் சொல்லாது. தோமெஜி மெல்லத் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். காயோவுக்கு உயிரே போய்விட்டது.

வீட்டில் மத்தியானம் திருவிழாச் சாப்பாடு. சிவப்புப் பயறு போட்ட சோறு, வறுத்த மீன். ஹருயோ அள்ளி அள்ளி வைத்தாள். காயோவுக்கு ஒன்றும் இறங்கவில்லை. தோமெஜி கடைசிப் பருக்கை வரைக்கும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“அப்போ, கிளம்பலியா?”

“என்னங்க இது!” ஹருயோ பதறினாள். “ரெண்டு நாள் தங்கத்தானே வந்திருக்காங்க!”

“டிராம் வர்ற நேரம். பொண்ணு கிளம்பட்டும்.” அவரே எழுந்துபோய்க் காயோவின் பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார்.

காயோ குனிந்து வணங்கினாள். “தெரியாம வாய் விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க, மா...” மீதி எழுத்து வெளியே வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

“நானும் போறேன்!” ஷிங்கோ கத்தினான். “இனிமே இந்த வாசப்படியை மிதிச்சா என்னன்னு கேளுங்க!”

“போயேன். யாரு பிடிச்சு வெச்சா?”

இருவரும் தெருவில் இறங்கினார்கள். காயோ திரும்பிப் பார்க்கவில்லை. ஆசை ஆசையாக வந்த பயணம் இப்படியா முடிய வேண்டும்? தெருமுனையில் திரும்பினார்கள். வீடு மறைந்தது. டிராமின் மணிச்சத்தம் கேட்டது.

அப்போது பின்னாலிருந்து வந்தது ஒரு குரல். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

“மோத்தே... கோய்!”

ஷிங்கோ கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டான். “அப்பாதான்டி அது! அப்பா தொண்டை!”

“மோத்தே கோய்!” தோமெஜியே வாய் திறந்துவிட்டாரே, அப்புறம் தெரு சும்மா இருக்குமா? யாரைக் கூப்பிடுகிறார், எதற்குக் கூப்பிடுகிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மாடியிலிருந்து, கடையிலிருந்து, சாக்கே குடித்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். “மோத்தே கோய்! மோத்தே கோய்!”

கூப்பிட்டால் ஓடித்தான் வர வேண்டும். காயோ அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்தாள்.

வாசலில் தோமெஜி முகம் சிவக்க, பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். “முப்பது வருஷம் முட்டி தேய இழுத்திருக்கேன். எங்களைப் பார்த்து ‘பாவம்’னு சொன்னது நீ ஒருத்திதாம்மா.”

“அப்புறம் ஏன் மாமா என்னைப் போகச் சொன்னீங்க?”

இந்தத் தடவை அவர் ‘யாருக்கு மாமா?’ என்று கேட்கவில்லை.

“கண்ணுக்கு எதிர்ல நிக்கிறவளை எப்படிம்மா கூப்பிடறது?”