ஒரே டிஸ்க்

அல்மாட்டி வங்கியில் இரண்டு சர்வர்களை ஒரே டிஸ்க் பெட்டியோடு இணைக்கும் வேலை. அது முடியும்வரை ஒரு சர்வர் ஓடும்போது மற்றதை அணைத்துவைக்க வேண்டும்.

பொறியாளர் தர்கானின் சர்வர் ஓடிக்கொண்டிருந்தபோதே, உடன் வேலை செய்யும் அய்கானிம் தன்னுடையதையும் போட்டாள். டிஸ்க்கில் இருந்ததெல்லாம் பாழ்.

"நான் வெச்சிருக்கும்போது நீ ஏன் போட்ட?"

"காலையிலேருந்து நீயேதான் வெச்சிருக்க! என் முறை எப்ப வரும்?"

மேலாளர் ஒராஸ்பெக் தலையில் அடித்துக்கொண்டார். "நகல் இருக்கு, பொழைச்சோம். கோக்பார் விளையாட்டுல செத்த ஆட்டை இழுக்கற மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுத்தா, அது என்னத்துக்கு ஆகும்? மாத்தி மாத்தி வெச்சுக்கத் தெரியாதா?"



போன மாதம் தர்கான், அய்கானிம் இருவருடைய விவாகரத்து வழக்கில் நீதிபதியும் இதையேதான் கேட்டார்.

அன்று நடுவில் நின்றிருந்த ஏழு வயது மகள் டோமிரிஸ் இன்னும் யாரோடும் பேசவில்லை.