மீன்பிடி ஒத்திகை

"ட்ரவுட் மீன், பாஸ் மீன் ரெண்டும் கிடைக்கிற இடமா பார்த்து, ஞாயித்துக்கிழமைக்குப் படகு ஏற்பாடு பண்ணுங்கண்ணே."

ஆற்றில் மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டியிடம் போனில் இப்படிச் சொன்ன புது மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தினான்.

"என் மாமனாரோட வர்றேன். அவர் மீன் பிடிக்கிறதுல பெரிய புலியாம். நானும் புலிதான்னு அளந்துவிட்டுட்டேன். தூண்டிலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாது. முன்கூட்டியே கத்துக்கொடுத்து மானத்தைக் காப்பாத்துங்க."

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க தம்பி."

பதற்றத்தில் ஒன்பதரைக்கே போய்விட்டான். ஆற்றங்கரையில் ஒரு பெரியவர், சட்டையில் மாட்டிய தூண்டில் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கூச்சப்படாதீங்க, இவரும் உங்க கேஸ்தான்," என்றார் வழிகாட்டி. "மருமகன்கிட்ட அளந்துவிட்டு மாட்டிக்கிட்டாராம்."

பெரியவர் திரும்பினார். மாமனார்!

"ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு பார்க்க வந்தேன் மாப்பிள்ளை."

"நானும் அதுக்குத்தான் வந்தேன் மாமா."