பத்தாம் தேதி

மாதாமாதம் பத்தாம் தேதி தொடையில் ஊசி போட்டுக்கொள்வேன். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து. பேனா மாதிரி இருக்கும். அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைக்க வேண்டும். நான் மறந்துவிடுவேன். அக்காதான் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் மடித்த கைக்குட்டைமேல் வைப்பாள்.

"சில்லுனு குத்திக்கிட்டு, எரியுது எரியுதுன்னு என் உசுர வாங்காத."

அக்கா இறந்துபோன அடுத்த மாதம், வேலை முடிந்து பூட்டைத் திறந்தேன். பேனா கைக்குட்டைமேல் இருந்தது. காலையில் நானே எடுத்து வைத்திருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் அதன்மேல் நீர்த்துளிகள் இன்னும் காயவில்லை. போட்டுக்கொண்டேன். எரியவில்லை.

அடுத்த நான்கு மாதமும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தலைவலி மூளைக்கு ஏறிவிட்டது என்பார்கள்.

போன வாரம் டாக்டர், "வலியே இல்லையேம்மா, ஊசிய நிறுத்திப் பார்ப்போம்" என்றார். நானும் மருந்து வாங்கவில்லை.

இன்று பத்தாம் தேதி. வீட்டுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவு விரியத் திறந்து கிடந்தது. பால், தக்காளி, எலுமிச்சம்பழம், உள்தட்டுகள்கூட வெளியே தரையில் இருந்தன. மேஜையில் மடித்த கைக்குட்டை காலியாக இருந்தது. படுக்கையறையில் இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருக்கா" என்றேன்.

சத்தம் நின்றது.

பிறகு அடுத்த இழுப்பறை திறந்தது.