ஒசாகாவில் மிதுசா

"நீயும் ஒசாகாவுக்கு வாறியோடி?" என்று அக்கா மிதுசா கேட்டபோது, துஷானி மாட்டேன் என்று தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் ஜெர்மனியின் எசன் நகரில் இருந்த வீட்டைவிட்டு அதிகம் வெளியே போவதில்லை. அக்கா தனியாகவே ஜப்பானுக்குப் பறந்தாள்.

இன்று காலை அக்கா வீடியோ அழைப்பில் வந்தாள். பின்னால் ஒசாகாக் கோட்டையின் பச்சைக் கூரை தெரிந்தது.

"பார், உன்னைப்போல வீட்டுக்குள்ள கிடந்தா இதெல்லாம் காணலாமோ?" என்று சிரித்தாள்.

ஃபோனில் அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வாசற்கதவைத் திறந்துகொண்டு அதே மிதுசா உள்ளே வந்தாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனாள்.

"அடுத்த கிழமையெல்லோ வாறதெண்டனி?" என்றாள் அம்மா. "சரி, இரு. பிட்டு சூடாயிருக்கு."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"அம்மா ஆரோட கதைக்கிறா?" என்று ஃபோனில் இருந்த அக்கா கேட்டாள்.

துஷானி ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "அக்கா, நீங்கள் திரும்பி வந்திடுவியள்தானே?"

குசினியிலிருந்து மிதுசாவின் சிரிப்பு எழுந்தது. தன்னுடைய அதே சிரிப்பு ஃபோனில் இருந்தவளின் காதிலும் விழுந்தது. அவள் முகம் மாறியது. பிறகு ஃபோனை ஒரு கல்மதிலில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள். சுற்றுலாக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனாள்.