டீச்சர் வந்தா நாங்க வரலை

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒதுக்க முடியாதாடி இவளுங்களுக்கு?"

கைப்பையைத் துணி வெட்டும் மேசைமேல் தொப்பென்று போட்டாள் வங்கிக்காரி. தையல்காரி பாதி வெட்டிய துணியை அவசரமாக இழுத்துக்கொண்டாள். வாய் நிறையக் குண்டூசி. பதில் சொல்ல முடியவில்லை.

இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. வகுப்பில் ஆளுக்கொரு பட்டப்பெயர்; ஒல்லியாக இருந்ததால் தையல்காரிக்கு 'ஊசி'. வங்கிக்காரி வகுப்பு லீடர். இருபது வருடம் கழித்துத் தோழிகளை ஒன்று சேர்க்க அவள்தான் நாயாய் அலைகிறாள்.

"பூனை வீட்டுல அன்னைக்குப் பெயின்ட் அடிக்கிறாங்களாம். நெட்டைக்கு இடுப்புப் பிடிப்பாம். அடுத்த மாசம் இடுப்பு பிடிச்சுக்கும்னு இப்பவே எப்படிடி தெரியுது அவளுக்கு?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. குண்டூசிக்குப் பயந்து அடக்கிக்கொண்டாள்.

"நான் என்ன குறை வச்சேன்? சரியா ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு. வரிசை எண்படி உட்காரணும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேச்சு. நடுவுல குசுகுசுன்னு பேசக் கூடாது. இதுக்கு மேல என்ன பண்ணணும், சோறு ஊட்டி விடணுமா?"

"அது இல்லடி..." குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்திவிட்டுத் தையல்காரி இழுத்தாள். "டீச்சர் வந்தா நாங்க வரலைங்கறாங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு, கணக்கு டீச்சரா? பாவம், அவங்க இவளுங்களை என்ன பண்ணினாங்க? கொஞ்சம் கண்டிப்பா இருந்தாங்க. அதைப் போய் இத்தனை வருஷமா மனசுல வச்சுக்குவாங்களா?"

"அவங்க சொல்றது என்னன்னா..."

"நீ ஒண்ணும் வக்காலத்து வாங்க வேண்டாம்."

தையல்காரி மறுபடி குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டாள்.

வங்கிக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வங்கியில் அவள் 'மேடம்'. வீட்டில் 'அம்மா'. இந்த ஊசியைத் தவிர வேறு யாராவது 'வாடி' என்று சொல்லித் தோளில் கை போட்டு எத்தனை காலம் ஆயிற்று! அந்த ஒரு நாளுக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழலாம் போலிருந்தது.

"சரி. டீச்சரை நானே பார்த்து, வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஐயோ, மிஸ் வீட்டுக்கெல்லாம் போகாதடி!"

அதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.

கணக்கு ஆசிரியை கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார்.

"வா வா, நம்ம பொண்ணுதானே நீ? முகம் ஞாபகம் இருக்கு, பேருதான் வர மாட்டேங்குது." நாற்காலியில் குவிந்திருந்த துவைத்த துணிகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார்.

வங்கிக்காரி நுனியில் உட்கார்ந்தாள். "தப்பா நினைக்காதீங்க மிஸ். நம்ம வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் ஒண்ணு சேர்றதுக்கு..."

"தெரியுமே! வர்ற ஞாயிற்றுக்கிழமை, பூனை வீட்டு மொட்டை மாடியிலதானே? நேத்து எல்லாரும் கும்பலா வந்து கூப்பிட்டுட்டுப் போனாங்க. ஊசி எனக்கு ரவிக்கைகூடத் தைச்சுத் தர்றாளாம்."

வங்கிக்காரி எழுந்தே விட்டாள். "நீங்க வந்தா வரமாட்டோம்னு சொன்னதே அவளுங்கதான் மிஸ்!"

"என்னையா? இருக்காதே." ஆசிரியை குலுங்கிச் சிரித்தார். "'டீச்சருக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு என்கிட்டயே வந்து சொன்னாங்கன்னா பார்த்துக்கோயேன்! யாருடி அந்த டீச்சர்னு கேட்டேன். லீடருக்கு நீங்க எல்லாரும் வச்ச பட்டப்பேராமே அது?"

வங்கிக்காரி மறுபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆசிரியை ஆவலோடு அவள் பக்கம் குனிந்தார்.

"ஆமா, அந்த வருஷம் உங்க வகுப்புக்கு யாரும்மா லீடர்?"