மூன்றாவது அடி

"அந்த ஆளுக்கு இனிமே மைக்கு குடுக்காதீங்க, மிஸ்."

தொலைபேசியில் பல தடவை சொன்னதைக் கிருஷ்ணராஜ் இன்று நேரிலேயே சொன்னார். கேகாலைக்கு அப்பாலுள்ள அந்த இறப்பர் தோட்டத்தின் நலன்புரிச் சங்கத் தலைவர் அவர். கொழும்பில் படித்து, அங்கேயே கடை நடத்தி, அண்மையில்தான் ஊர் திரும்பியவர்.

வானொலித் தயாரிப்பாளர் ஜுமானாவால் அந்தப் புகாரைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. இறப்பர் மரங்களில் பால்வெட்டும் தொழிலாளியான அருள்தாஸ் இளைஞராக இருந்த காலந்தொட்டு வானொலியில் பாடி வருகிறார். தோட்டத்துப் பாட்டென்றால் நேயர்கள் விரும்பிக் கேட்பது அவர் குரலைத்தான். ஆனால் அவருக்குப் புகழ் தேடித் தந்த பால்வெட்டுப் பாட்டில், எந்த ஒலிப்பதிவை எடுத்தாலும் மூன்றாவது அடியில் சொற்கள் நின்றுவிடும். 'தன்னானே தானே' என்று இழுத்துவிட்டு, நான்காவது அடிக்குத் தாவிவிடுவார்.

மறதி என்றார்கள் சிலர். சாராயப் போத்தல் என்றார்கள் வேறு சிலர். தோட்டத்து வயசாளிகளைக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். ஜுமானாவின் குடைச்சல் வேறு: மறதிக்காரர் எப்படி எப்போதும் ஒரே இடத்தில் மறப்பார்?

அருள்தாஸின் பாடல்களை சீடி இறுவட்டாக வெளியிட நிலையம் தீர்மானித்திருந்தது. அந்தப் பாட்டு முழுமையாக அமையாவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும். அதை அவள் அவரிடம் மறைக்கவில்லை.

"ஹரி மிஸ்," என்று சிங்களத்திலேயே 'சரி' சொன்னார் அவர். அவ்வளவுதான்.

பிள்ளைகளைத் தாய்மார் அழைத்துப்போன பிறகு, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஒலிப்பதிவு தொடங்கியது. குழந்தைகளின் குட்டி நாற்காலியொன்றில் கிருஷ்ணராஜ் சிரமப்பட்டு அமர்ந்திருந்தார்.

முதலடி கணீரென்று வந்தது. இரண்டாவது அதைவிட உயர்ந்தது. மூன்றாவது... தன்னானே தானே.

"பாத்தீங்களா? தோட்டத்துப் பேரையே கெடுக்கிறாரு மிஸ்." கிருஷ்ணராஜின் கைப்பேசி ஒலித்தது. எழுந்து வெளியே போனார்.

ஜுமானா பொறுமையை வரவழைத்துக்கொண்டாள். "அருள்தாஸ் அண்ணே, இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். நெசமாவே மறந்து போச்சா?"

அருள்தாஸ் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, தாழ்ந்த குரலில், ஒரு சொல் பிசகாமல் பாடினார்:

"முழுநாளு வெட்டினாலும் அரைப்பேரு போட்டானே வீரமுத்துக் கங்காணி."

அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி; கங்காணி, வேலையாட்களை மேற்பார்த்துப் பேர் பதிபவர். வயிறெரிந்தவர்கள் கட்டிய வசை அது என்பது ஜுமானாவுக்கு விளங்கியது. ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"பதிவாயிட்டுது அண்ணே! இவ்வளவு நல்ல அடிய ஏன் இத்தன காலமா ஒளிச்சு வச்சீங்க?"

அருள்தாஸ் பதறிவிட்டார். "அத அழிச்சிருங்க மிஸ். இறுவட்டு இல்லாட்டியும் பரவால்ல."

அந்தக் கங்காணி இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள்.

"அவரு செத்து எம்புட்டோ காலம். புள்ளகுட்டிங்க ரேடியோ கேக்குமில்ல?"

எந்தப் பிள்ளைகள் என்று அவள் கேட்பதற்குள், அவர் சன்னல் பக்கம் மோவாயைக் காட்டினார்.

வெளியே கிருஷ்ணராஜ் கைப்பேசியில் நெஞ்சு நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்: "யாருன்னா கேக்குறீங்க? வீரமுத்துக் கங்காணியோட பேரன் பேசுறேங்க."

ஜுமானா அந்த அடியை அழித்தாள்.

கதவு திறந்தது. "என்ன மிஸ், அந்த அடி அவருக்கு ஞாபகம் வந்துச்சா?"

"நல்லா விசாரிச்சுப் பாத்தேன்," என்றாள் ஜுமானா. "அந்தப் பாட்டுக்கு மூணாவது அடியே 'தன்னானே'தானாம். அப்படியே இறுவட்டுல வரும்."