தெரிந்த ஆள்

"ஏம்மா, என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"அப்புறம் என்ன? சிம் தொலைஞ்சு போச்சு. அதே நம்பர்ல வேற ஒண்ணு குடு."

"ஒரிஜினல் ஆதார் கார்டைக் காட்டுங்க. உடனே குடுத்துடறேன்."

"அது வீட்டுல இருக்கு. ஜெராக்ஸ் இருக்கே, என் கையெழுத்தோட. பத்தாதா?"

"பத்தாது மாமா."

கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இந்த செல்போன் ஷோரூமுக்கு அவர் மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் அவருக்கே அந்தப் பெரியவரைத் தெரியும். ரிட்டயர்டு போஸ்ட்மேன். முப்பது வருஷம் இதே தெருக்களில் தபால் கொடுத்தவர். அவர் நடந்து போனால் நாலு கடைக்காரர்களாவது நிறுத்திப் பேசுவார்கள்.

"உனக்கு வேலை கிடைச்ச கடிதத்தைக் கொண்டுவந்து உன் கையில குடுத்ததே நான்தான். இன்னிக்கு என்னையே நீ யாருன்னு கேக்கறே!"

கவுன்ட்டர் பெண் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள், "வயசானவரை இப்படியா நிக்க வைக்கறது?" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

மேனேஜர் எழுந்து வந்துவிட்டார். "ஐயா, நீங்க உக்காருங்க. ஏம்மா, ஊருக்கே தெரிஞ்ச ஆள். என் பொறுப்பு, குடுத்துடுங்க."

"மன்னிச்சுக்குங்க சார். ஒரிஜினல் இல்லாம முடியாது."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "சரி, தள்ளுங்க. நானே போடறேன்."

பெரியவர் ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் சார். இவ்வளவு பேச்சுக்கு அப்புறம் எனக்கு எதுக்கு?" என்றபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேனேஜர் அந்தப் பெண்ணை அறைக்குள் கூப்பிட்டார்.

"ரூல்ஸ் எனக்கும் தெரியும்மா. மனுஷங்கன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நேத்து நீங்க மீட்டிங் போயிருந்தீங்க சார். அப்போ அவர் பையன் வந்தார். இதே மாதிரி ஜெராக்ஸ், அப்பா கையெழுத்து போட்ட கடிதம். அப்பா படுத்த படுக்கையா இருக்கார், அவர் நம்பருக்கு வேற சிம் வேணும்னு கேட்டார். நான் முடியாதுன்னுட்டேன். சாயங்காலம் பார்த்தா, மாமா எங்க தெருவுல ஜம்முனு நடந்து போறார்."

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருது. சிம் கையில கிடைச்சா, அவர் பேர்ல என்ன வேணும்னாலும் பண்ணலாம். இன்னிக்கு ஜெராக்ஸை நம்பி இவருக்குக் குடுத்தா, நாளைக்கு அதே ஜெராக்ஸோட பையன் வந்து நிப்பார்."

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"உங்க பையனே உங்க கையெழுத்தைப் போட்டான்னு எந்த வாயால சார் சொல்றது? என் மேல கோவிச்சுக்கிட்டுப் போகட்டும், பரவாயில்லை."

மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுவிடுவென்று வெளியே வந்தார். பெரியவர் பக்கத்து மருந்துக் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லி வைத்தார்.

"ஐயா, சிம் தொலைஞ்சு போச்சுன்னீங்களே?"

"தொலையலை சார்." பெரியவர் லேசாகச் சிரித்தார். "நேத்து ராத்திரி என் பையன் மேஜையில ஒரு காகிதம் கிடைச்சுது. பக்கம் முழுக்க என் கையெழுத்து. போட்டுப் போட்டுப் பழகியிருக்கான். கூடவே உங்க கடை டோக்கன். எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா, எனக்கு விஷயம் தெரியும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. என்கிட்ட மறைக்கத்தானே அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டா?"

"அப்புறம் எதுக்குய்யா உள்ள வந்து அவ்வளவு சத்தம் போட்டீங்க?"

"நான் என்ன பேசினாலும், அவன் மறுபடி வந்தாலும் வருவான் சார். வந்தா கெஞ்சுவான், அழுவான், சண்டைகூடப் போடுவான். அதுக்கெல்லாம் மசியற ஆள் உங்க கடையில யாராவது இருக்காங்களான்னு பார்க்க வந்தேன்."

பெரியவர் மேனேஜரின் தோளில் கை வைத்தார்.

"அந்தப் பொண்ணைப் பத்தி எனக்குக் கவலையில்லை. உங்களை நினைச்சாத்தான் சார் கொஞ்சம் பயமா இருக்கு."